செவ்வாய் மண்ணைச் சூடாக்கினால் என்ன ஆகும்? கரிமம் தேடும் குட்டிக் கருவிகள் பற்றி

மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "சார், எங்கள் துறையில் இருக்கும் ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறின் நிறையையும் அளக்கும் கருவி) ஒரு மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏசி, ஹீலியம் சிலிண்டர், யூபிஎஸ் எல்லாம் அதற்குத் தனி. இதைப் போய் எப்படிச் செவ்வாய்க்கு அனுப்புகிறார்கள்? 1976-லிருந்து அனுப்பியும் அங்கே உயிர் இருந்ததா இல்லையா என்று ஏன் இன்னும் சொல்ல முடியவில்லை? எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிச் சிப்பில் அடக்கிவிடலாம் என்று படித்தேன். அது நடக்கிற காரியமா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மூன்றாவதற்குப் பாதி ஆமாம், பாதி இல்லை. நடுவில் இருப்பதுதான் கனமான கேள்வி, அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவியைச் சிறிதாக்குவது இந்தத் துறையில் பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினை. மண்ணில் ஒட்டிக் கிடக்கும் கரிமத்தை, அதாவது உயிருக்கு அடிப்படையான கார்பன் மூலக்கூறுகளை, சிதைக்காமல் பிரித்தெடுத்து, கருவியின் வாய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்னும் தீராதது. இத்தனை வருட ஏமாற்றங்களில் பெரும்பகுதி அந்தக் குட்டிப் பாதையில்தான் நடந்திருக்கிறது.

முதலில் அளவு விஷயம். சர்வீஸ் என்ஜினியர் வரும்போது உங்கள் கருவியின் உள்ளே எட்டிப் பாருங்கள். பெட்டியில் பெரும்பகுதி காற்று அடுப்பும் விசிறியும் மின்பலகைகளும் பம்ப்பும்தான். வேலை செய்கிற உறுப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று, கால் மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 30 மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைத்த பிரிப்புக் குழாய். கலவையாக உள்ளே போகும் ஆவிகள் அதன் உட்பூச்சில் ஒட்டியும் விலகியும் நகர்வதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். இன்னொன்று குவாட்ரபோல், அதாவது நான்கு உலோகத் தண்டுகள். அவற்றுக்கு மாறு மின்னழுத்தமும் நேர் மின்னழுத்தமும் சேர்த்துக் கொடுத்தால், குறிப்பிட்ட நிறையுள்ள அயனி (மின்னூட்டம் ஏற்றிய மூலக்கூறு) மட்டும் தள்ளாடிக்கொண்டே மறுமுனை போய்ச் சேரும், மற்றவை தண்டில் முட்டி ஒழிந்துபோகும். மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால் நிறைகளை வரிசையாக எண்ணிவிடலாம். இந்த இரண்டையும் மட்டும் எடுத்தால் ஒரு கைப்பைக்குள் அடங்கும்.

மிச்சம் வெற்றிடம். அயனி வழியில் காற்று மூலக்கூறில் முட்டாமல் போக வேண்டும். பூமியில் அதற்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பம்ப் தேவை. செவ்வாயில் காற்றழுத்தமே 6, 7 மில்லிபார்தான், நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் பம்ப் செய்ய வேண்டிய வேலையைக் கோளே செய்து வைத்திருக்கிறது. கியூரியாசிட்டி ரோவரின் சாம் என்ற கருவியில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றும் சின்னப் பம்புகள் இருக்கின்றன, அவை நேரே வெளிக்காற்றில் கழித்துவிடும். சாம் மொத்தம் சுமார் 40 கிலோ. அதற்குள் குவாட்ரபோல், ஆறு பிரிப்புக் குழாய்கள், மீத்தேன் பார்க்கும் லேசர் மானி, சுமார் 1,000 டிகிரி வரை போகும் அடுப்பு, 74 மாதிரிக் கிண்ணங்கள் எல்லாம் அடக்கம். 899 கிலோ எடையுள்ள ரோவரின் அறிவியல் கருவிகளில் பாதிக்கு மேல் எடை இந்த ஒன்றுதான். எடையைவிட நெருக்கடி மின்சாரம். அந்த ரோவரின் அணு மின்கலம் இறங்கிய புதிதில் கொடுத்தது சுமார் 110 வாட். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் இரண்டைச் சேர்த்து ஓட்டக்கூட அது போதாது. பேட்டரியில் சேர்த்து வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

இதெல்லாம் நாசாவின் வித்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டிப் போனால் திருவனந்தபுரம். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குள் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. 2008 நவம்பர் 14-இல் சந்திரயான்-1 நிலவில் விழவிட்ட மோதுகலத்தில் இருந்த சேஸ் என்ற குவாட்ரபோல் கருவி அங்கே செய்தது. கீழே விழுந்துகொண்டே நிலவின் மெல்லிய வளிமண்டலத்தை அளந்தது, நீராவியின் தடயத்தைக் காட்டியது. அப்புறம் மங்கள்யானில் போன மென்கா. அது 1 முதல் 300 வரையிலான நிறைகளைப் பார்க்கும், எடை நான்கு கிலோகூட இல்லை. சரக்கல்விளை சிவன், மேலக்காட்டுவிளை நாராயணன் என்று நம் மாவட்டத்துக்காரர்கள் இஸ்ரோ தலைவர்கள் ஆனதாலும், பக்கத்திலேயே மகேந்திரகிரியில் என்ஜின் சோதனை நடப்பதாலும், இங்கே விண்வெளி என்றால் ராக்கெட் என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. வேதியியல் படித்தவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மென்கா போன்ற தனிக் குவாட்ரபோலுக்கு ஒரு வரம்பு உண்டு. வரைபடத்தில் நிறை 28-இல் ஒரு சிகரம் வந்தால் அது நைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா? இரண்டுக்கும் 28-தான். வளிமண்டலத்துக்கே இந்தக் குழப்பம் என்றால், கரிமச் சேர்மம் நூறு கலந்த மண்ணுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் முன்னால் ஒரு பிரிப்புக் குழாய். மாறாமலைக் கிராம்பு எண்ணெயை உங்கள் கருவியில் ஓட்டிப் பார்த்திருந்தால் புரியும். யூஜெனால் ஒரு நேரத்தில் வரும், நிறை 164. கேரியோஃபிலீன் வேறு நேரத்தில், நிறை 204. நேரமும் நிறையும் இரண்டும் பொருந்தினால்தான் பெயர் சொல்ல முடியும். சந்திரயான்-3-இன் பிரக்யான் ரோவரில் இருந்த கருவிகள் கந்தகம் போன்ற தனிமங்களைச் சொல்லும். மூலக்கூறைச் சொல்லாது. செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் அடிக்கடி ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

சரி, இப்போது அடுப்புக்கு வருவோம்.

நாசாவின் வைக்கிங் 1 கலம் செவ்வாயில் இறங்கியது 1976 ஜூலை 20, வைக்கிங் 2 செப்டம்பர் 3. எம்ஐடியைச் சேர்ந்த கிளாஸ் பீமன் தலைமையில் உருவான ஜிசி-எம்எஸ் இரண்டிலும் இருந்தது. மண்ணை அள்ளிச் சின்ன அடுப்பில் போட்டு, கரிமத்தை ஆவியாக்க 500 டிகிரி வரை சூடாக்கினார்கள். வந்தது தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, கூடவே நூறு கோடியில் சில பங்கு அளவில் குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும். பின்னவை இரண்டும் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். முடிவு: கரிமம் இல்லை. அதே கலங்களில் கில்பர்ட் லெவின் செய்த ஊட்டக் கரைசல் சோதனை உயிர் இருப்பதுபோன்ற விடையைத் தந்தது. ஆனால் கரிமமே இல்லாத மண்ணில் உயிர் எங்கே இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

இதில் அப்போதே ஒரு உறுத்தல் இருந்தது. விண்கற்களில் கரிமம் உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் புரதங்களைக் கட்டும் வகை மூலக்கூறுகளான அமினோ அமிலங்களே கிடைத்தன. இப்படிப்பட்ட கற்கள் கோடிக்கணக்கான வருடமாக விழுந்துகொண்டே இருக்கும் ஒரு கோளில், அவை கொண்டுவந்த கரிமம்கூடக் கண்ணில் படவில்லை என்றால் அது உயிர் இல்லை என்பதைவிட விசித்திரமான முடிவு. மண்ணில் ஏதோ ஒன்று கரிமத்தை அழிக்கிறது என்று அனுமானித்தார்கள். அது ஓரளவு சரிதான். ஆனால் அழிவதில் ஒரு பங்கு கருவிக்குள்ளேயே நடந்திருக்கும் என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை.

விடை 2008-இல் வந்தது, அதுவும் வேறு எதையோ தேடப்போன இடத்தில். அந்த வருடம் மே 25-இல் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கியது. அதில் இருந்த ஈர வேதியியல் ஆய்வகம் எனக்கு மிகவும் பிடித்த கருவி. நான்கு குவளைகள், ஒவ்வொன்றுக்கும் பூமியிலிருந்து கொண்டுபோன 25 மில்லிலிட்டர் கரைசல், குவளைச் சுவரில் அயனி மின்முனைகள். மண்ணைக் கொட்டிக் கலக்கி அளக்க வேண்டியதுதான். நம் பி.எஸ்சி. பயிற்சி வகுப்பில் செய்கிற வேலை. அதில் நைட்ரேட்டுக்காக வைத்த ஒரு மின்முனை தாறுமாறாகக் காட்டியது. அந்த அளவு நைட்ரேட் என்றால் போட்ட மண்ணின் எடையைவிட அது கூடுதலாக வரும். அந்த மின்முனை, குளோரினும் ஆக்ஸிஜனும் சேர்ந்த உப்பான பெர்குளோரேட்டுக்கு இன்னும் வேகமாகத் துள்ளும் ரகம். ஆக, மண்ணில் அரை சதவீதத்தை ஒட்டிப் பெர்குளோரேட் இருக்கிறது என்று தெரிந்தது.

பெர்குளோரேட் குளிரில் சாது. செவ்வாயின் குளிரில் கரிமத்தின் பக்கத்திலேயே யுகக்கணக்கில் சும்மா கிடக்கும். சூடாக்கினால் ஆக்ஸிஜனையும் குளோரினையும் கக்கும். பட்டாசு மருந்தில் ஆக்ஸிஜன் தருவதற்காகச் சேர்ப்பதும் இந்தக் குடும்பத்து உப்புதான். இப்போது வைக்கிங் அடுப்பை நினைத்துப் பாருங்கள். மண்ணில் கொஞ்சம் கரிமம், கூடவே பெர்குளோரேட், 500 டிகிரி. கரிமத்தில் பெரும்பகுதி எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும். தப்பிய மிச்சம் குளோரினைப் பிடித்துக்கொண்டு குளோரோமீத்தேனாக வெளியே வரும். 2010-இல் ரஃபேல் நவாரோ-கொன்சாலெஸ் குழு சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட் கலந்து சூடாக்கியபோது அதே இரண்டு குளோரின் சேர்மங்கள்தான் வந்தன. பீமன் இந்த விளக்கத்தை மறுத்து எழுதினார். 2018-இல் வைக்கிங் 2-இன் பழைய தரவைத் திரும்பப் புரட்டியவர்கள் அதில் குளோரோபென்சீன் தடயம் இருப்பதையும் கண்டார்கள்.

கழிவு என்று ஒதுக்கியது சரக்காக மாறுவது நம் ஊருக்குப் பழகின கதை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருப்பது 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியருக்குத் தெரியவந்தது இங்கே தோண்டிப் பார்த்து அல்ல. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இருந்துதான். கயிறு வியாபாரிக்கு அது அழுக்கு. பீமன் குழுவுக்கும் கையில் ஒட்டிய அழுக்கு இருந்தது, ஆனால் அதை ஷோம்பெர்க் மாதிரிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. பெர்குளோரேட் பற்றித் தெரியாத 1976-இல் நானாக இருந்தாலும் கரைப்பான் என்றுதான் எழுதியிருப்பேன்.

2012-இல் கியூரியாசிட்டி போனபோது இதெல்லாம் தெரிந்துதான் போனது. ஆனாலும் சாம் கருவிக்கும் அடுப்புதான் பிரதான வழி, ஏனென்றால் வடிவமைப்பு அதற்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது. கூடவே அதற்கு வேறொரு தொல்லை. ஆவியாகாத மூலக்கூறுகளை ஆவியாகும் வடிவத்துக்கு மாற்ற ஒன்பது கிண்ணங்களில் வினைபொருள் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அதில் எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைபொருள் கசிந்துவிட்டது. முதல் மணல் மாதிரியைச் சூடாக்கியதுமே அதன் ஆவி எல்லா வரைபடத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, ஆவிகளைப் பிடித்து வைக்கும் டெனாக்ஸ் என்ற பொறியே பெர்குளோரேட் வாயுக்களால் சிதைந்து பென்சீன் வகைச் சேர்மங்களைத் தந்தது. அதாவது கருவியே கரிமம், கருவியே எரிபொருள்.

இதில் இருந்து மீண்ட விதம்தான் எனக்கு உண்மையான சாதனையாகப் படுகிறது. கம்பர்லேண்ட் என்று பெயரிட்ட சேற்றுப்பாறையைத் துளைத்து எடுத்த பொடியைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு முறையில் ஓட்டினார்கள். காலிக் கிண்ணத்தை ஓட்டினார்கள். வேறு இடத்துப் பாறைகளை ஓட்டி ஒப்பிட்டார்கள். கம்பர்லேண்டில் மட்டும் குளோரோபென்சீன் பின்னணியைவிட மிகக் கூடுதலாக, நூறு கோடியில் 150 முதல் 300 பங்கு வரை வந்தது. அது செவ்வாயின் சொந்தக் கரிமம்தான் என்று 2015-இல் எழுதினார்கள். 2018-இல் கந்தகம் கலந்த தயோஃபீன்கள், முந்நூறு கோடி வருடப் பழமையான வேறொரு சேற்றுப்பாறையில். கசிந்த வினைபொருளையே பின்னால் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். துளைக்கும் எந்திரம் பழுதாகிக் கிடந்த நாட்களில், ஏற்கெனவே அள்ளி வைத்திருந்த மணல்மேட்டு மாதிரியை அந்தக் கசிவு ஆவியில் காட்டி மூலக்கூறுகளை ஆவியாக்கிப் பார்த்தார்கள். எந்தக் கையேட்டிலும் அப்படி ஒரு முறை கிடையாது.

அப்புறம் 2025 மார்ச்சில் வந்த முடிவு, நம் வீட்டு அடுக்களைக்கே வந்துவிடுகிறது. அதே கம்பர்லேண்ட் பொடியில் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் கிடைத்தன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு கார்பன் கொண்ட நீண்ட சங்கிலிகள். செவ்வாயில் அதுவரை கண்ட கரிம மூலக்கூறுகளில் இவைதான் பெரியவை. இவை பாறைக்குள் கொழுப்பு அமிலங்களாக இருந்து, அடுப்புச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து இப்படி ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பன்னிரண்டு கார்பன் அமிலம் ஒரு கார்பனை இழந்தால் பதினொன்று, அன்டெக்கேன். அந்தப் பன்னிரண்டு கார்பன் அமிலத்தின் பெயர் லாரிக் அமிலம். உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான்.

உடனே செவ்வாயில் தென்னந்தோப்பு என்று யாரும் காணொளி போட்டுவிட வேண்டாம். லாரிக் அமிலம் இருப்பது மட்டும் உயிருக்குச் சான்று ஆகாது. ஆனால் தேங்காய் எண்ணெயை ஜிசி-யில் ஓட்டினால் என்ன வரும் என்று யோசியுங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு. எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உயிரணு இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துத்தான் கொழுப்பு அமிலத்தைக் கட்டுகிறது, அதனால் இந்த ஒழுங்கு. உயிர் இல்லாத வேதிவினைகள், உதாரணமாகச் சூடான பாறையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து சங்கிலி நீள்வது, ஒற்றை இரட்டை பார்ப்பதில்லை. சங்கிலி நீள நீள அளவு சீராகக் குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான். தேட வேண்டியது அந்த வடிவத்தை. மூன்று சங்கிலிகளை வைத்து இரட்டைப்படை ஒழுங்கு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பதினெட்டு, இருபது வரை பார்க்க வேண்டும், ஆனால் அவ்வளவு நீண்டவற்றைப் பார்க்க சாம் ஏற்றது அல்ல. இத்தனை வருடமாக ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் இன்றைய நிலைமை. கரிமம் உண்டு என்பது உறுதி. யார் செய்தது என்று சொல்லும் அளவுக்கு முழு வரிசை கைக்கு வரவில்லை.

நாசாவின் இன்னொரு செவ்வாய் ரோவரான பெர்சிவரன்ஸ் பற்றியும் கேட்பீர்கள். அதில் அடுப்பே கிடையாது. ஷெர்லாக் என்ற கருவி 248.6 நானோமீட்டர் புற ஊதா லேசரைப் பாறையில் அடித்து, ராமன் சிதறலையும் ஒளிர்வையும் பார்க்கும். எங்கே கரிமம் இருக்கிறது என்று வரைபடம் போடும், எந்த மூலக்கூறு என்று பெயர் சொல்லாது. 2024-இல் செயாவா ஃபால்ஸ் என்ற பாறையில் புள்ளிபுள்ளியான வடிவங்களைக் கண்டு, உயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்று அதைப் பற்றி 2025-இல் எழுதினார்களே, அதிலும் அடுத்த படி பூமியின் ஆய்வகத்தில்தான் நடக்க முடியும். மாதிரி குழாயில் அடைத்தபடி அங்கேயே இருக்கிறது.

அடுப்புக்கு மாற்று என்ன? எனக்குத் தெரிந்து இரண்டு நல்ல வழிகள். ஒன்று லேசர், ஒன்று தண்ணீர்.

லேசர் வழி ஐரோப்பாவின் ரோசலின்ட் ஃபிராங்க்ளின் ரோவரில் இருக்கும் மோமா கருவி. 2028-இல் ஏவத் திட்டம். 266 நானோமீட்டர் லேசரை ஓரிரு நானோ வினாடி மட்டும் பாறைப் பொடியில் அடிப்பார்கள். பெர்குளோரேட் சிதைந்து வேலையைக் கெடுக்க அந்த நேரம் போதாது. அதற்குள் பெரிய மூலக்கூறுகள் முழுசாகக் கிளம்பி அயனியாகிவிடும். குவாட்ரபோலுக்குப் பதில் அயனிப் பொறி வைத்திருக்கிறார்கள், அது கொஞ்சம் மோசமான வெற்றிடத்திலும் வேலை செய்யும். அதனால் செவ்வாய்க் காற்றோடு சேர்த்தே அயனிகளை உள்ளே இழுத்து, வால்வைச் சட்டென்று மூடிவிடலாம். இந்த ரோவர் இரண்டு மீட்டர் ஆழம் வரை துளைக்கும் என்பதும் முக்கியம். மேல்மண்ணில் இருக்கும் கரிமத்தை அண்டக் கதிர்கள் நாளடைவில் உடைத்துவிடுகின்றன. சனியின் துணைக்கோளான டைட்டனுக்கு டிராகன்ஃபிளை கொண்டுபோகும் கருவியும் இந்தக் குடும்பம்தான். அதுவும் 2028-இல் ஏவி, 2034-இல் போய்ச் சேரும் திட்டம்.

தண்ணீர் வழிதான் நீங்கள் கேட்ட சிப். கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேத்தீஸ் குழு 2000-களில் செய்த செவ்வாய்க் கரிமப் பகுப்பாய்வி இதற்கு நல்ல உதாரணம். உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில், மடித்து மடித்துச் செதுக்கிய 20 சென்டிமீட்டருக்கும் கூடுதலான வாய்க்கால். ஆழம் மைக்ரோமீட்டர் கணக்கில். மாதிரிக் கரைசலில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஒளிரும் சாயம் ஒன்றை முதலில் கோத்துவிடுவார்கள். வாய்க்காலின் இரண்டு முனைக்கும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் மின்னூட்டத்துக்கும் அளவுக்கும் ஏற்ற வேகத்தில் ஓடும். முடிவில் ஒரு லேசர். கடந்துபோகும்போது ஒளிர்வதை எண்ண வேண்டியதுதான். கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ் என்று உங்கள் பாடத்தில் இருக்கும். ஹீலியம் வேண்டாம், வெற்றிடம் வேண்டாம், செலவாகும் கரைசல் நானோலிட்டர் கணக்கில். உணர்திறன் லட்சம் கோடியில் சில பங்கு வரை போகும். கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே சிலிகோன் ரப்பர் படலம் வைத்து, காற்றழுத்தத்தால் அதை ஏற்றி இறக்கி வால்வும் பம்ப்பும் தட்டிலேயே செய்தார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. கரைசலில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தைச் சேர்த்தால், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான அமினோ அமிலத்தின் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் வேறு வேறு வேகத்தில் ஓடும். நிறை ஒன்றே என்பதால், நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தனியாக இதைச் சொல்லாது. பூமியின் உயிர்களின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம். 2023-இல் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் கொண்டுவந்த பெனு சிறுகோள் மண்ணில், புரதங்களில் வரும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன, அவற்றில் இடமும் வலமும் ஏறக்குறைய சமம். உயிர் இல்லாத இடத்துக்கு அது பொருந்துகிற விடை. மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தில் இடக்கை வடிவம் சற்றுக் கூடுதலாக இருந்ததால், இந்தச் சோதனை ஒன்றையே நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் கொழுப்பு அமில வரிசையும் கை வடிவமும் இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் நான் அசந்துபோவேன்.

சிப் சிறியது என்று எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதன் பலம் வேறு இடத்தில் தெரிகிறது: அதில் அடுப்பு இல்லை. தண்ணீரில் கரைந்த பெர்குளோரேட் அமினோ அமிலத்தை ஒன்றும் செய்யாது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பீட்டர் வில்லிஸ் குழு 2015-இல் வெளியில் காட்டிய 'கெமிக்கல் லேப்டாப்' பேட்டரியில் ஓடும் முழுக் கருவி. அமினோ அமிலமும் கொழுப்பு அமிலமும் இரண்டையும் பார்க்கும். மண்ணில் இருந்து எடுக்க, அழுத்தத்தில் அடைத்து 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தண்ணீர். 500 டிகிரி அடுப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை.

அப்படியானால் ஏன் இன்னும் போகவில்லை? மேத்தீஸின் சிப்பை உள்ளடக்கிய யூரி என்ற கருவி ஐரோப்பிய ரோவருக்குத் தேர்வாகி, பிறகு கைவிடப்பட்டது. இன்று வரை இந்த வகைச் சிப் எதுவும் வேறு கோளில் இறங்கியதில்லை. பணம் ஒரு காரணம், தொழில்நுட்பமும் காரணம். செவ்வாயின் அழுத்தத்தில் தண்ணீர் உறைநிலையை ஒட்டியே கொதித்துவிடும், ஆகவே எல்லாம் மூடிய, சூடான பெட்டிக்குள் நடக்க வேண்டும். மாதக்கணக்கான பயணத்தில் கரைசல் உறையும், உருகும். சாயம் கெட்டுப்போகும். வாய்க்காலில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினால் மின்னோட்டம் அறுந்து அன்றைய ஓட்டம் போச்சு. ஆய்வகத்தில் தட்டி எடுக்கலாம், அங்கே யார் தட்டுவது? எல்லாவற்றையும்விடப் பெரியது உப்பு. உப்பு கூடினால் வாய்க்காலில் மின்னோட்டம் எகிறும், சூடேறும், சிகரங்கள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். செவ்வாய் மண்ணிலும் உப்பு, என்செலாடஸ் துணைக்கோளின் கடலிலும் உப்பு. போக விரும்பும் இடமெல்லாம் உப்பாக இருக்கிறது. அதனால்தான் வில்லிஸ் குழு கலிபோர்னியாவின் மோனோ ஏரி உப்புநீரை வைத்துப் பழகுகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள் உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பஸ் பயணம். எம்.எஸ்சி. திட்டக் கட்டுரைக்கு நான் சொல்வது இதுதான். கடல்நீர் நுழையும் பாத்தி, நடுப்பாத்தி, உப்பு விளையும் பாத்தி என்று மூன்று நிலைகளில் நீர் எடுங்கள். கடைசிப் பாத்தியில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் இருக்கும், அவற்றின் அமினோ அமிலங்களும் இருக்கும். அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் ஒளிரும் ஃபுளோரெஸ்கமினை அசிட்டோனில் கரையுங்கள், தண்ணீரில் வைத்தால் கெட்டுவிடும். பிஎச் 9 போரேட் கரைசலில் மாதிரியோடு கலந்து, 390 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் ஒளிர்வை அளவிடுங்கள். உப்பு ஏற ஏற உங்கள் அளவீடு எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. எலக்ட்ரோபோரசிஸ் கருவி உள்ள ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் அதே மாதிரிகளை அங்கே ஓட்டலாம்.

பிளாங்க், அதாவது மாதிரி இல்லாத ஒப்பீட்டு ஓட்டம், இரண்டு வேண்டும். ஒன்று வெறும் அயனி நீக்கிய நீர். இன்னொன்று அதே உப்பை மஃபிள் ஃபர்னஸில் 500 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, கரிமத்தை எரித்துவிட்டுத் திரும்பக் கரைத்தது. கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள், விரல் ரேகையில் இருக்கும் அமினோ அமிலமே போதும் உங்களை ஏமாற்ற. காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும்தான். முதலில் இரண்டு பிளாங்க்கின் வரைபடத்தையும் அனுப்பி வையுங்கள், மாதிரியை அப்புறம் பேசலாம்.